ரோசா நிற அங்கியில் ஒரு முத்து

1975 பிப்ரவரி 8, சனிக்கிழமை காலை, தூத்துக்குடி கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் இருக்கும் ரோச் வீட்டின் சாப்பாட்டு மேசையில், ஒன்றரை அடி உயர மாதா சுரூபம் ஒன்றின் மேல் இருந்த ஐந்து உடைகளும் கழற்றப்பட்டன.

அதற்கு முன்னால் அந்தச் சுரூபத்தின் உடையை யாரும் கழற்றியதில்லை. போடுவது மட்டும்தான் வழக்கம். ரோச் வீட்டுக்கு மருமகளாக வருகிறவள் தன் கலியாணச் சேலையின் முந்தானையில் ஒரு முழம் வெட்டி மாதாவுக்கு அங்கி தைத்துக் கொடுப்பாள். மாமியார் பீடத்துத் திரையை இழுத்து விட்டுக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் அங்கிக்கு மேலேயே அதைப் போட்டுவிடுவாள். உள்ளே இருப்பதைப் புதுப்பெண் பார்க்கக் கூடாது. மாதா மேல் ஒரு முறை போட்டதை எடுக்கவும் கூடாது. பிள்ளை பிறந்தால், ஞானஸ்நானம் முடிந்த அன்று தாய் தைத்த அங்கியின் கீழ் ஓரத்தில் மிளகில் பாதி இருக்கும் ஒரு முத்தைத் தைப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு முத்து. குடும்பத்துக்கு முத்துக்குளிப்பில் பங்கு இருந்த நாளில் தொடங்கிய வழக்கம் அது. குளிப்பு நின்றுபோன பிறகும் அதற்கென்று ஒரு மூக்குப்பொடி டப்பாவில் கொஞ்சம் முத்து மிச்சம் இருந்தது.

மேலே கிடந்தது அமலோற்பவத்தின் அங்கி. சந்தன நிறப் பட்டு, பொன்சரிகைக் கரை. 1967 மே மாதம் கிளாட்வின் ரோச்சுக்கு வாழ்க்கைப்பட்டு வீரபாண்டியன்பட்டணத்திலிருந்து வந்த மூன்றாம் நாள் தைத்தது. அதன் ஓரத்தில் முத்து இல்லை.

முத்து இல்லாததை அவளுக்கு ஞாபகப்படுத்த வீட்டில் ஆள் இருந்தது. கிளாட்வினின் அக்கா பிலோமினா, புருஷன் இறந்த பிறகு தம்பியோடு இருப்பவள். பீடத்தைத் துடைக்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லுவாள்.

"ஏளா, மாதாவுக்கு ஓரம் மொட்டையா நிக்கி. பாக்கவங்க தச்சவ பாதியில எந்திச்சுப் போயிட்டான்னு நெனப்பாவ."

அமலோற்பவத்திடம் அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"மொட்டையோ மொழுக்கையோ, மேல கெடக்கது என் உடுப்புதான மயினி. இந்த வீட்டுல என்னைய வச்சது அவ. நீங்க இல்ல."

இது அவளாகக் கண்டுபிடித்த பதில் இல்லை. மாமியார் செபஸ்தியம்மாள் சொல்லிக் கொடுத்தது. கலியாணமான புதிதில் ஒரு முறையும், சாவதற்கு முந்தின வாரம் ஒரு முறையும் அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதா ஒன்னைய ஏத்துக்கிட்டா. ஒன் உடுப்ப உடுத்திருக்கா. இந்த வீட்டு மருமவ நீதான். யாரு என்ன சொன்னாலும் நீதான்" என்று சொன்னாள். யாரும் எதுவும் சொல்லாதபோது மாமி ஏன் அப்படிச் சொன்னாள் என்று அமலோற்பவம் யோசித்ததில்லை. பிள்ளை இல்லாததைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். எட்டு வருஷமாக அவள் அந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தது அந்த வார்த்தையின் மேல்தான்.

அதைக் கழற்றிப் பார்க்கும் பேச்சு தொடங்கியது ஜனவரியில், மூன்று ராசாக்கள் திருநாளுக்கு வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரால். பர்னபாஸ் சாமியார் ஊருக்குப் புதியவர், ஐரோப்பாவில் சில வருஷம் படித்தவர். தீர்த்தம் தெளித்துக்கொண்டே பீடத்துக்கு வந்தவர் குனிந்து, அங்கிகளின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த கால்நுனியைப் பார்த்தார். தவிட்டு நிறத் தோல். சின்னக் குதியும் இருந்தது.

"மாதா கால்ல சப்பாத்து போட்டு நான் எங்கயும் பாக்கலியே" என்றார்.

"குளிருத ஊருல செஞ்சது சாமி" என்றாள் அமலோற்பவம்.

அவர் சிரித்தார். ஆனால் லூர்து மாதா திருநாளுக்குத் தெருச் செபமாலை அந்த வீட்டிலிருந்து அந்தச் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட வேண்டும் என்று அவள் கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. தான் பாரிசில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இதே முகத்தைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். அது மாதா இல்லை, நாகரிகப் பொம்மை. போன நூற்றாண்டில் துரைமார் வீட்டுப் பெண்பிள்ளைகள் விதவிதமாக உடுத்திப் பார்க்கச் செய்தது. சந்தேகத்தோடு ஒன்றைத் தூக்கி ஊர்வலம் வைக்க முடியாது. புதுச்சேரியில் லெயோந்தின் என்று ஓர் அம்மாள் இருக்கிறார். பழைய பொம்மைகளில் அசல் எது, போலி எது என்று பிரான்சில் இருக்கிற சேகரிப்பாளர்களுக்குச் சொல்கிறவர். அவர் தங்கை இங்கே கன்னியர் மடத்தில் இருப்பதால் பிப்ரவரியில் வருவார். அவர் பார்த்துச் சொல்லட்டும்.

வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. கிளாட்வின் புதுத் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்த்தான். சத்தமாகப் பேசாத மனுஷன். அன்று சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளி வைத்தான்.

"சாமிகிட்ட வேண்டாம்னு சொல்லிரு. வேற சுரூபம் எடுத்துட்டுப் போவட்டும்."

"அம்மா போட்டத ஒரு அன்னியப் பொம்பள அவுத்துப் பாப்பாளாம்" என்றாள் பிலோமினா. "மாதாவுக்கே சேலை உரியணுமாம். நல்லாருக்குளா ஒன் பக்தி."

அக்காவும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அமலோற்பவம் பார்த்தது குறைவு. அதுவே அவளுக்கு வீம்பைக் கொடுத்தது.

"பாக்கட்டும். நம்ம மாதா நெசம்னா பயப்படுததுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

லெயோந்தின் அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். கறுத்து ஒல்லியான உடம்பு, கவுன், கட்டையாக வெட்டிய நரைமுடி. சாமியாரோடு வந்தவர் கொடுத்த காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி, சின்னக் கத்தரிக்கோல், இடுக்கி, லேஞ்சி என்கிற வெள்ளைக் கைக்குட்டை ஆறேழு எடுத்து மேசையில் வைத்தார். ஜன்னலை நன்றாகத் திறக்கச் சொன்னார். அமலோற்பவம் முழந்தாளிட்டு ஒரு மங்களவார்த்தை செபம் சொல்லிவிட்டுச் சுரூபத்தை எடுத்துக் கொண்டுவந்து படுக்க வைத்தாள். கிளாட்வின் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். பிலோமினா அடுக்களை வாசலில் நின்றாள். வரவும் இல்லை, போகவும் இல்லை.

"முகத்த பார்த்து நான் சொல்ல மாட்டேன்" என்றார் லெயோந்தின். "முகம்தான் முதல்ல ஏமாத்தும். தலை ஜெர்மனி, உடம்பு பிரான்சு, உடுப்பு போன மாசம் தச்சது, எல்லாத்தையும் கட்டி வச்சு குடும்பம் நடத்தச் சொல்லிடுவாங்க. நான் உடுப்புல ஆரம்பிப்பேன். துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. எத்தனை உடுப்பு, யார் யாரோடது, தெரியுமா உங்களுக்கு?"

அமலோற்பவத்துக்கு அது மனப்பாடம். "மேல என்னோடது. அதுக்கு அடியில எங்க மாமியோடது, ரோசா கலரு. காத்துல தூக்கும்போது ஓரம் தெரியும். அதுக்கு அடியில மாமியோட மாமியாரோடது. அதுக்கும் உள்ள மாதாவோட சொந்த உடுப்பு. பெரிய ரோச் பிரான்சுக் கப்பல் கேப்டன்கிட்ட வாங்கும்போது போட்டிருந்தது."

"ஆக நாலு."

"நாலு."

பட்டு அங்கியைக் கழற்ற நேரம் ஆகவில்லை. லெயோந்தின் உள்பக்கத்தைப் புரட்டி, மடிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "காஞ்சிபுரம் பட்டு. கைத்தையல். பத்து வருஷத்துக்குள்ள. சரிதானே?" என்று கேட்டு, அமலோற்பவம் தலையாட்டியதும், "நல்ல கை உங்களுக்கு" என்று சொல்லி ஒரு லேஞ்சியின் மேல் மடித்து வைத்தார். அமலோற்பவத்துக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிலோமினா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

அடுத்தது ரோசா நிறம். மெல்லிய துணி, வெள்ளிப்பொட்டு தெளித்தது. லெயோந்தின் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

"உங்க மாமியாருக்குக் கல்யாணம் எப்ப?"

"முப்பத்திரெண்டுல. கொழும்புல வச்சு. அப்ப எல்லாரும் அங்கனதான் இருந்தாவ. கடை இருந்துச்சு. அறுபத்தஞ்சுலதான் இங்க வந்தது."

லெயோந்தின் அங்கியைப் புரட்டினார். உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை இடுக்கியால் உருவி எடுத்தார். பீடத்தில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியைக் கொண்டுவரச் சொல்லி, நூலின் நுனியைச் சுடரில் காட்டினார். நூல் எரியவில்லை. சுருங்கி, நுனியில் ஒரு சின்னக் கறுப்பு உருண்டை ஆயிற்று. அதை லேஞ்சியின் மேல் வைத்து நகத்தால் தட்டிக் காட்டினார். கடினமாக இருந்தது.

"பட்டா இருந்தா முடி கருகுன வாடை வரும். பருத்தியா இருந்தா காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாயிடும். இது உருகுது பாருங்க. இது நைலான். உலகத்துல நைலான் துணி வந்ததே ரெண்டாவது யுத்தத்தோட. நம்ம பக்கம் சேலையா வந்தது அதுக்கும் பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு. முப்பத்திரண்டுல எந்தப் பொண்ணும் இத கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிருக்க முடியாது."

"பொறவு மாத்தித் தச்சிருப்பாவளா இருக்கும்" என்றாள் அமலோற்பவம். "பழசு கிழிஞ்சிருக்கும்."

"உங்க வீட்டுல எடுக்கிற வழக்கமே இல்லன்னு சாமி சொன்னாரே."

 எடுக்கிற வழக்கம் இல்லை. அதை இந்தத் தெருவில் அமலோற்பவத்தைவிட அதிகம் சொன்னவர்கள் யாரும் இல்லை.

லெயோந்தின் தன் வேலையில் இருந்தார். அவருக்கு அந்த வீட்டைத் தெரியாது, துணியைத்தான் தெரியும். "அடுக்குக்கு நடுவுல பிந்தின துணி ஒண்ணு இருந்தா நாங்க ரெண்டு கேள்வி கேப்போம். யாரு வச்சது? ஏன் மேல மூடினாங்க?" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு, அங்கியின் முதுகைப் பிரித்தார். கொக்கி இல்லை. அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் தகரப் பொத்தான்கள். "இதுவும் புதுசு." பிறகு அங்கியைத் தலைகீழாகப் புரட்டி ஓரத்தைப் பார்த்தார். "முத்துக் கதைய சாமி சொன்னார். உங்க மாமியாருக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு. அந்தா நிக்காவள்லா மயினி, பொறவு எங்க வீட்டுக்காரரு."

"இதுல ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணு உதுந்திருக்கும்."

லெயோந்தின் பூதக்கண்ணாடியை ஓரம் முழுக்க ஓட்டினார். "உதிர்ந்தா ஊசி போன ஓட்டை இருக்கும். நைலான்ல ஓட்டை மூடாது. ஒரு இடத்துலதான் ஊசி போயிருக்கு." குனிந்து அந்த முத்தைத் தன் முன்பல்லில் மெல்ல உரசிப் பார்த்தார். "நறநறங்குது. அசல் முத்துதான்."

சாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அமலோற்பவத்தைப் பார்க்கவில்லை. அடுக்களை வாசலைப் பார்த்தார். அமலோற்பவமும் திரும்பினாள். பிலோமினா சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வாயிலிருந்து ஒரு குத்தல் பேச்சும் வரவில்லை என்பதுதான் அமலோற்பவத்துக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

"நிறுத்திடலாமா அம்மா?" என்றார் லெயோந்தின். அவருக்கும் ஏதோ புரியத் தொடங்கியிருந்தது.

"கழட்டுங்க" என்றாள் அமலோற்பவம். "முழுசையும் கழட்டிருங்க."

ரோசா நிற அங்கி எடுக்கப்பட்டது. அதற்கு அடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு அங்கி இருந்தது. நிறம் மங்கி, தோள் மடிப்பில் இழை விட்டிருந்தது. முதுகில் பித்தளைக் கொக்கி, பச்சை பூத்தது. லெயோந்தின் ஒரு நூலை உருவிச் சுடரில் காட்டினார். முடி கருகும் வாடை மேசையைச் சுற்றிப் பரவியது. யாரும் கேட்காமலே அவர் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு முத்துகள், பக்கத்தில் பக்கத்தில்.

  வாசலில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். சாளை வேணுமா, சாளை வேணுமா என்று கேட்டது. மத்தியானத்துக்கு மீன் வாங்கவில்லை என்று அமலோற்பவத்துக்கு ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்ததைப் பின்னால் பல நாள் நினைத்துப் பார்த்தாள்.

மாமியின் அங்கி இதுதான். அப்படியானால் நடுவில் இருப்பவள் யார்? மாமிக்கு ஒரே மகன். அந்த மகனுக்கு மனைவியாக வருகிறவள்தான் மாமிக்கு அடுத்து அங்கி தைக்க முடியும். தைத்திருக்கிறாள். ஒரு பிள்ளையும் பெற்றிருக்கிறாள்.

லெயோந்தின் மயில்கழுத்து அங்கியையும் மற்ற இரண்டையும் கழற்றினார். ஆறு முத்து வைத்த பழைய வெள்ளைப் பருத்தி அங்கி. பிறகு, அவர் தேடிவந்தது: சாம்பல் கலந்த ஊதாப் பட்டில் இடுப்பு ஒடுங்கிப் பின்பக்கம் கொசுவிய கவுன், அதற்குள் உள்பாவாடைகள், உருளைப் பொத்தான் வைத்த சப்பாத்து. உடம்பு வெள்ளாட்டுத் தோல், உள்ளே மரத்தூள். தலை மட்டும் மெருகில்லாத பீங்கான், கழுத்தில் திரும்பியது. அவர் குரலைத் தணித்துச் சாமியாரிடம் சொன்னார்.

"ஆயிரத்து எண்ணூத்து எழுபது, எழுபத்தஞ்சு. பாரிஸ். தலையும் உடம்பும் ஒரே வீட்டுது. கவுன் இதுக்குன்னே வெட்டினது. மாதா இல்ல, பொம்மைதான். ஆனா இவ்வளவு சுத்தமா ஒண்ண நான் என் ஆயுசுல ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். இதுல போலின்னு ஒண்ணுமே இல்ல. எல்லா உடுப்பும் அதது காலத்துல, அததுக்கு உரியவங்க தச்சது."

ஒரு மாதமாக அமலோற்பவம் கேட்கப் பயந்த வார்த்தை அது. மாதா இல்லை. அது காதில் விழுந்தது, ஆனால் உட்காரவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

"மயினி" என்றாள். "அவ பேரு என்ன?"

பிலோமினா முந்தானையை எடுத்தாள். எட்டு வருஷத்தில் முதல்தடவையாக அவள் அமலோற்பவத்திடம் கெஞ்சும் குரலில் பேசினாள்.

"ரொசாலி. நீர்கொழும்புக்காரி. சாமி முன்னால என்னைய இழுக்காதளா. நான் ஒண்ணும் பண்ணல."

"செத்துப் போனாளா?"

பிலோமினா தலையை ஆட்டினாள். செத்துப் போகவில்லை.

"அவுகளுக்குச் சிலோன் குடியுரிமை. எங்களுக்கு இல்ல. கடை போச்சு, சிலோன் கவர்மெண்டுல கிளம்புன்னுட்டான். அவ அப்பன் புள்ளையவும் அவளையும் அனுப்ப மாட்டேன்னுட்டான். பொறவு அனுப்புவான், பொறவு அனுப்புவான்னு ரெண்டு வருசம் இருந்துச்சு. அம்மாதான், இங்கன ஒருத்தருக்கும் தெரியாதே, இவன் தனியா நிக்கானேன்னு..." அவள் நிறுத்தினாள். "தலைமன்னார்லருந்து அம்மா மாதாவ மடியில வச்சுக்கிட்டே வந்தா. ஒனக்குக் கலியாணம் பேசினதும் அந்த ரோசா உடுப்ப எடுத்துரணும்னு திரையப் போட்டுக்கிட்டுக் கை வச்சா. நான் பக்கத்துல நின்னேன்.  மாதா மேல போட்டத எடுத்தா குடும்பம் விளங்காதுன்னு விட்டுட்டா. அதுக்கு மேலயே ஒன்னோடதப் போட்டுட்டா."

"நீங்களும் எடுக்கல."

"நேத்து நீ கடைக்குப் போனப்ப கத்தரிய எடுத்துட்டுப் பீடத்துக்குப் போனேன்" என்றாள் பிலோமினா. "எங்கம்மாவால முடியாதது என்னால முடியுமாளா?"

சாமியார் தொண்டையைச் செருமினார். "இங்க கோயில்ல கலியாண ஓலை வாசிக்கும்போது, ஏற்கெனவே கலியாணம் ஆனவனான்னு கொழும்புப் பங்குல கேக்கலியா?"

"கேக்கணும்னுதான் சொன்னாவ. அம்மா சத்தியம் பண்ணினா, எம்மவன் கலியாணம் ஆவாதவன்னு. அந்தச் சாமியும் வயசான மனுசி சொல்லுதாளேன்னு விட்டுட்டாரு."

"எது மேல சத்தியம்?" என்றார் சாமியார்.

பிலோமினா மேசையைக் காட்டினாள். தோல் உடம்போடு அந்தப் பொம்மை மல்லாந்து கிடந்தது. லெயோந்தின் ஒரு லேஞ்சியை எடுத்து அதன் மேல் போர்த்தினார்.

அமலோற்பவம் கணக்குப் போடவில்லை. கணக்கு தானாக விழுந்தது. மருத்துவச்சி, டாக்டர், பூண்டி, வேளாங்கண்ணி, வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம். ஒரு தடவைகூட கிளாட்வின் டாக்டரிடம் வந்ததில்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்பான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதில்லை. ஆம்பிளை சொல்கிற சொல் என்று இருந்துவிட்டாள். அவனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை அரைநாள். ஒரு மணிக்குக் கிளாட்வின் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவன் மேசையைப் பார்த்தான். ஐந்து லேஞ்சியில் ஐந்து உடை, வரிசையாக. அவன் பார்வை ரோசா நிறத்தில் போய் நின்றது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். மறுபடி போடவும் இல்லை, ஆணியில் மாட்டவும் இல்லை.

"நான் வேண்டாம்னு சொன்னேன்" என்றான்.

"ஆமா. சொன்னிய" என்றாள் அமலோற்பவம். "பையனா, பொம்பளப் பிள்ளையா?"

"பையன்."

"பேரு?"

"செபஸ்தியான்."

மாமியின் பெயர். அமலோற்பவம் தனக்குப் பிறக்கும் முதல் பையனுக்கு வைக்க நினைத்திருந்ததும் அதுதான். மாமியிடம் அதைச் சொன்னபோது மாமி, "வேற பேரு பாப்போம்ளா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"பாத்திகளா அவன?"

"ரெண்டு வயசுல விட்டுட்டு வந்தது. பொறவு பாக்கல." அவன் உட்கார இடம் தேடினான், யாரும் நாற்காலி நகர்த்தவில்லை. "சொல்லிரணும்னு பல தடவ வாய எடுத்தேன் அமலி. அம்மா இருக்கும்போது முடியல."

"மாமி செத்து மூணு வருசம் ஆச்சு."

அவன் தொப்பியை மறு கைக்கு மாற்றினான்.

"ஒங்க அம்மா என் கையப் பிடிச்சு, நீதான் இந்த வீட்டு மருமவ, மாதா ஒன் உடுப்ப உடுத்திருக்கான்னு சொன்னாவ. சாவும்போதும் சொன்னாவ. அப்ப நீங்க கட்டில் பக்கத்துலதான் நின்னிய. தலைய ஆட்டினிய."

"இப்ப என்ன பண்ணணும்ங்குத?" என்றான்.

"என்கிட்டயா கேக்கிய?"

சாமியார் எழுந்தார். மெதுவாக, யாரையும் பார்க்காமல் பேசினார். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது இங்கே நடந்தது கோயில் கணக்கில் கலியாணம் ஆகாது. ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும், கொழும்புக்கு எழுதி விசாரிக்க வேண்டும். முடிவு வரும்வரை இருவரும் ஒரே வீட்டில் இருப்பது சரியில்லை. "உன் பேருல குத்தம் இல்லம்மா" என்று அமலோற்பவத்திடம் தனியாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

லெயோந்தின் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய் நூலைக் கொளுத்திப் பார்க்கிற பெண் அவர். இப்படி ஒரு மேசை அவருக்கும் புதிது. "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றார்.

"இல்ல மதாம்" என்றாள் அமலோற்பவம். "நான்தான் கூப்பிட்டேன். பாத்துச் சொல்லத்தான கூப்பிட்டேன்."

பிறகு அவள் பொம்மையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்பாவாடைகள், ஊதாக் கவுன். சப்பாத்தை மாட்டும்போது லெயோந்தின் பொத்தானைப் பிடித்துக் கொடுத்தார். வெள்ளைப் பருத்தி அங்கி. மயில்கழுத்துப் பட்டு. பித்தளைக் கொக்கி ஒன்று ஒடிந்துவிட்டது, குண்டூசி குத்தினாள். கிளாட்வினும் பிலோமினாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோசா நிற அங்கியை அவள் கையில் எடுத்தபோது பிலோமினா, "அது என்னத்துக்குளா இனி?" என்றாள்.

"மாதா மேல போட்டத எடுக்கக் கூடாதுல்லா" என்றாள் அமலோற்பவம்.

தகரப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். முத்து முன்பக்கம் வரும்படி ஓரத்தை இழுத்து விட்டாள். அதன் பிறகு சந்தன நிறப் பட்டு அங்கி மட்டும் மேசையில் மிச்சம் இருந்தது. அதை நாலாக மடித்து ரவிக்கைகளோடு பெட்டியில் வைத்தாள்.

மாலை நாலரை மணி திருச்செந்தூர் பஸ்சில் அவள் வீரபாண்டியன்பட்டணத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாள். பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, லூர்து மாதா திருநாளில் தெருச் செபமாலை வேறொரு வீட்டிலிருந்து வேறொரு சுரூபத்தோடு புறப்பட்டது. ரோச் வீட்டுப் பீடத்தில் பொம்மை இருந்தது. அதன் மேல் நான்கு உடைகள் இருந்தன.